புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தை நடந்து பார்ப்பது எப்படி: ஒரு செக்யூரிட்டிக்காரனின் குறிப்புகள்

ஒன்பது வருடமாக இந்த இடத்தை இரவில் சுற்றி வருகிறேன். அதில் முதல் இரண்டு மாதம், இது கார்ப் பந்தயம் நடந்த இடம் என்பதே எனக்குத் தெரியாது.

லண்டனுக்குத் தென்மேற்கே, சரேயில் வேபிரிட்ஜ் என்று ஓர் ஊர். அதன் ஓரத்தில் புரூக்லாண்ட்ஸ். இன்றைக்குப் போனால் கண்ணாடிக் கட்டடங்கள், ஒட்ட வெட்டிய புல்வெளி, வரிசையாக நட்ட மரங்கள், வாசலில் ஏறி இறங்கும் தடுப்புக் கம்பம், திரும்பிய பக்கமெல்லாம் கமரா. பெரிய பெரிய நிறுவனங்களின் அலுவலகங்கள் இங்கே இருக்கின்றன. நான் நிற்கும் கட்டடம் எதுவென்று சொல்ல மாட்டேன். சொன்னால் வேலை போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்து எட்டாவது வாரம், நவம்பர் மாதம். வேலியோரமாக ரோந்து போகும்போது மரங்களுக்குள் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது. டோர்ச்சை அடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். சருகு மூடிய மண்மேடு என்றுதான் நினைத்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன், கால் வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தேன். கையிலிருந்த தேத்தண்ணி ஃபிளாஸ்க் கடகடவென்று உருண்டு கீழே போனது. மண்ணில் விழுந்த பொருள் அப்படிச் சத்தம் போடாது. சருகை விலக்கிப் பார்த்தேன். பாசி பிடித்த கொங்கிரீட். அசைந்தது ஒரு நரி.

காலையில் என்னை மாற்ற வந்தவர் வயதான ஆங்கிலேயர். நொண்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ விழுந்தது பைஃப்ளீட் பாங்கிங்கில். அங்கே விழுந்த முதல் ஆள் நீ இல்லை” என்றார். பாங்கிங் என்றால் பந்தயத் தடத்தில் சாய்த்து உயர்த்திய வளைவு. அதற்குப் பிறகுதான் கேட்கவும் படிக்கவும் நடக்கவும் தொடங்கினேன். இப்போது ஊரிலிருந்து யாராவது வந்தால், லண்டன் பாலத்தைக் காட்டிய மறுநாள் இங்கே கூட்டிக்கொண்டு வருகிறேன். எல்லோருக்கும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கதை, சுருக்கமாக. 1900களின் தொடக்கத்தில் இந்த நாட்டுத் தெருக்களில் மணிக்கு 20 மைலுக்கு மேல் கார் ஓட்டக் கூடாது. அந்த வேகத்துக்குள் ஓட்டிப் பார்த்து நல்ல கார் செய்ய முடியுமா? ஹியூ லொக் கிங் என்ற நிலக்காரர் தன் சொந்தக் காணிக்குள்ளேயே ஒரு ஓட்டத் தடத்தைக் கட்டினார். 1907 ஜூன் 17 அன்று திறந்தார்கள். கார்ப் பந்தயத்துக்கென்றே சாய்ந்த வளைவுகளோடு உலகத்தில் முதன்முதலாகக் கட்டிய தடம் அதுதான். சுற்றளவு 2.75 மைல், அதாவது நாலரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் 100 அடி. இரண்டு முனை வளைவுகளிலும் தடத்தைச் சாய்த்து 29 அடி வரைக்கும் உயர்த்தியிருந்தார்கள். ஒன்றரை லட்சம் பவுண் முடிந்ததாம். மனிதர் கடனில் மூழ்கிப் போனார். திறப்பு நாளில் கார் ஊர்வலத்தை முன்னால் ஓட்டிப்போனது அவர் மனைவி எத்தல்.

1939இல் யுத்தம் வந்ததோடு பந்தயம் நின்றது. 1946இல் இடம், முன்பே இங்கே தொழிற்சாலை வைத்திருந்த விக்கர்ஸ் விமானக் கொம்பனிக்கு விலைப்பட்டது. 1980களின் கடைசிவரை இங்கே விமானம் கட்டினார்கள். தொழிற்சாலை மூடிய பிறகு அலுவலகங்கள் வந்தன, கடைகள் வந்தன, புல்வெளியும் என் வேலையும் வந்தன.

இனி நடக்கிற விஷயம்.

சனி அல்லது ஞாயிறு போங்கள். வார நாளில் அலுவலக ஆக்களின் கார்களுக்கு நடுவே நீங்கள் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. வார இறுதியில் அலுவலகப் பார்க் காலியாக இருக்கும். காவலில் நிற்பவருக்கும் பேச்சுத்துணை வேண்டியிருக்கும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். அடி வழுக்காத சப்பாத்து கட்டாயம். பிள்ளைகள் வந்தால் ஒரு டென்னிஸ் பந்து எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

காரில் வருவதென்றால் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்து அங்கேயே நிறுத்துங்கள். பக்கத்துக் கடைகளின் கார் பார்க் இலவசம்தானே என்று நினைக்காதீர்கள். அங்கெல்லாம் நேரக் கணக்கு உண்டு. கமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். என் மச்சான் ஒருவர் பால் வாங்கப் போய்விட்டுத் தடத்தைப் பார்க்கக் கிளம்பினார். மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பினார், இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அந்தப் பாலின் விலையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரயில்தான் நல்லது. வாட்டர்லூவில் ஏறி வேபிரிட்ஜில் இறங்குங்கள். கிளப்ஹாம் ஜங்ஷனிலும் சர்பிட்டனிலும் ஏறலாம். ஸ்டேஷனிலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடை இருபது இருபத்தைந்து நிமிடம். அதன் திறப்பு நேரத்தை மட்டும் முதல் நாளே இணையத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தடம் எப்படி இருந்தது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால்தான், பார்க்குக்குள் ஒளிந்திருக்கும் மிச்சத்தை அடையாளம் காண முடியும். மெம்பர்ஸ் பாங்கிங் என்ற வடக்கு வளைவின் ஒரு துண்டு அங்கே மரங்களுக்கு நடுவே அப்படியே நிற்கிறது. அதில் ஏறி நடக்க விடுவார்கள். தாச்சிச் சட்டியின் உள்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கிட்டத்தட்டத் தட்டை, மேலே போகப் போகச் செங்குத்து. அதே வடிவம்தான். கீழே நிற்கும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். பாதி ஏறியதும் கை தானாகத் தரையைத் தேடும்.

பந்து இங்கேதான் வேண்டும். பிள்ளையைக் கீழே நிற்க வைத்து, நீங்கள் பாதி உயரத்திலிருந்து பந்தைச் சாய்வின் குறுக்கே மெதுவாக உருட்டுங்கள். உடனே கீழே சரிந்துவிடும். இப்போது பலமாக உருட்டுங்கள். கொஞ்சத் தூரம் மேலேயே ஓடிப் பிறகுதான் இறங்கும். காருக்கும் அதே கணக்கு. மெதுவாகப் போகிறவன் கீழே போனான், வேகமாகப் போகிறவன் மேலே போனான். ஒவ்வொரு வேகத்துக்கும் வளைவில் ஓர் உயரம் உண்டு. அந்த உயரத்தைப் பிடித்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பவே தேவையில்லை. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வட்ட இயக்கம் புரியாமல் இருந்தது. இந்தப் பந்தோடு புரிந்தது.

கொங்கிரீட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு இருக்கும். புதிதாகக் குவித்த மண்ணின் மேல் போட்ட கொங்கிரீட், மண் இறங்க இறங்க அதுவும் இறங்கியது. ஒவ்வொரு மாரியிலும் பழுது பார்த்தார்கள், ஆனாலும் சீராகவில்லை. கார்கள் நாலு சில்லும் நிலத்தை விட்டுக் கிளம்பும் படங்கள் உள்ளே மாட்டியிருக்கின்றன. 1935 அக்டோபரில் ஜோன் கொப் ஒரு சுற்றை மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஓடினார். அதைத் தாண்டும் முன்பே தடம் மூடிவிட்டதால் அந்தச் சாதனை இனி எந்தக் காலத்திலும் உடையாது. அவர் ஓட்டிய நேப்பியர் ரெயில்டன் கார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உள்ளே இருப்பது 24 லிட்டர் விமான எஞ்சின். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுங்கள், சில்லின் உயரம் தெரியும்.

டெஸ்ட் ஹில் என்ற ஏற்றத்தையும் நடந்து பாருங்கள். 1909இல் கட்டியது. 352 அடி நீளம். காரின் ஏறும் பலத்தையும் பிரேக்கையும் சோதிக்கக் கட்டினார்கள். மிகச் செங்குத்தான இடத்தில் நாலடிக்கு ஓரடி ஏற்றம். என் மூட்டுவலி டாக்டரைவிடத் துல்லியமாக அது சொல்லிவிடும். கொன்கோர்ட் விமானம் நிற்கிறது, லொக் நெஸ் ஏரியிலிருந்து 1985இல் தூக்கிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது, லண்டன் பஸ்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயுள்ள தொண்டர்கள் கேட்காமலே சொல்வார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம்.

மத்தியானத்துக்குப் பிறகு வெளியே வாருங்கள். மெர்சிடிஸ் பென்ஸ் வேர்ல்ட் என்ற கார்க் காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. 2006இல் திறந்தார்கள். அது நிற்பது பழைய விமானத் தளத்தின் மேல். அதைத் தாண்டியுள்ள பொதுப் பூங்காவில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கலாம். கனடா வாத்துகளைப் பார்த்துப் பாயை விரியுங்கள். அவை விட்டுப்போவதை நான் ஒன்பது வருடமாக மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அலுவலகப் பார்க் பக்கம். இங்கேதான் ஆக்கள் கோட்டை விடுகிறார்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தடம் எங்கே என்று புல்லைப் பார்த்தபடி அலைகிறார்கள். காரணமில்லாத உயரத்தைத் தேடுங்கள். தோட்டக்காரர் அழகுக்காகக் குவித்த மேடு நாலு பக்கமும் ஒரே மாதிரி உருண்டு இருக்கும். பாங்கிங் அப்படியில்லை. உள்பக்கம் குழிந்த சாய்வு, வெளிப்பக்கம் சட்டென்று இறங்கும் மண்கரை. உச்சியில் ஒரு விளிம்பு, அந்த விளிம்பு கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வளைவாகப் போகும். கட்டடத்தின் பின்னால் ஒரு கரை வளைந்து போகிறதென்றால், அதைக் கட்டியவர் கட்டடக்காரர் இல்லை, லொக் கிங்.

மரங்களையும் நம்பலாம். யுத்தக் காலத்தில் ஜெர்மன் விமானங்களின் கண்ணிலிருந்து தடத்தை மறைக்க மரம் நட்டார்கள். மறைத்தும் தப்பவில்லை. 1940 செப்டம்பர் 4 அன்று விக்கர்ஸ் தொழிற்சாலையில் குண்டு விழுந்து 80 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். குண்டு வீச்சுக்குத் தப்பி வந்த ஊர்க்காரன் நான். அவர்களுக்கு வைத்த நினைவுக்கல்லின் முன்னால் வேகமாக நடக்க எனக்கு வராது.

தெருப் பெயர்களைப் படியுங்கள். வெலிங்டன் வே: இங்கே மட்டும் கட்டிய வெலிங்டன் விமானங்கள் 2,515. பார்ன்ஸ் வாலிஸ் டிரைவ்: அந்த விமானத்தின் பின்னல்கூடு போன்ற உடலை யோசித்த பொறியியலாளர் பெயர். சொப்வித் டிரைவ்: 1910இல் இங்கே பறக்கப் பழகி, பிறகு விமானக் கொம்பனி வைத்தவர் பெயர். சுப்பர்மார்க்கட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெயர்ப் பலகையில் சரித்திரம் தொங்குகிறது. ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தெற்கு வளைவுதான் நான் விழுந்த பைஃப்ளீட் பாங்கிங். அதுதான் அதிகம் மிஞ்சியிருப்பது. அலுவலகங்களின் முதுகுப்பக்கம் அது போகும்போது ஓரிடத்தில் சட்டென்று அறுந்துபோகும், ரொட்டியைக் கத்தியால் வெட்டின மாதிரி. உடைந்துபோனதில்லை அது. 1951இல் வேலியண்ட் என்ற குண்டுவீச்சு விமானம் கிளம்பிப் போக நீண்ட ஓடுபாதை வேண்டியிருந்தது. பாங்கிங் குறுக்கே நின்றது, வெட்டி எறிந்தார்கள். அந்த இடைவெளியில் நின்று வடக்கே பார்த்தால், ஓடுபாதை கிடந்த நிலம் திறந்து கிடக்கும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கார் ஓடிய கோட்டை விமானம் ஓடிய கோடு வெட்டுகிற இடம்.

இனி எங்களைப் பற்றி. எந்தச் செக்யூரிட்டிக்காரனுக்கும் உங்களைத் துரத்த ஆசையில்லை. துரத்தினால் அறிக்கை எழுத வேண்டும். ஆனால் இந்தப் பார்க்குகளில் தெருவும் புல்லும் பொது இடம் மாதிரித் தெரிந்தாலும் நிறையப் பகுதி தனியார் நிலம். தடுப்புக் கம்பத்தைச் சுற்றி நடந்து உள்ளே போகாதீர்கள். அறிவிப்புப் பலகை சொல்வதைப் படியுங்கள். கட்டட வாசலையோ வரவேற்பறையையோ நோக்கிக் கமராவைப் பிடித்தால் யாராவது வருவார்கள். வருபவன் நானாகவும் இருக்கலாம். நீங்களே முந்திக்கொண்டு வந்து, “பழைய பாங்கிங்கைப் பார்க்க வந்தோம், எதுவரை போகலாம்?” என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் கையை நீட்டி வழி காட்டுவார்கள். இல்லை என்றால் இல்லைதான், வாதாடாதீர்கள். அவருக்கு மேலே ஒருவர் கமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ட்ரோன் கொண்டுவராதீர்கள். முக்கியமாக, கொங்கிரீட்டில் துண்டு பெயர்க்காதீர்கள். தடத்தின் மிச்சத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பெயர்த்தால் குற்றம். நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அருங்காட்சியகக் கடையில் குவளை விற்கிறார்கள்.

ஒரு தடவை தமிழ்ப் பெடியன் ஒருவன் என்னிடம் கோபமாகக் கேட்டான்: “அந்தக் காலத்தில் எல்லோரும் வந்து பார்த்த இடம்தானே அண்ணை, இப்ப ஏன் இவ்வளவு காவல்?” அப்படியில்லை, தம்பி. இது தொடக்கத்திலிருந்தே காவல் போட்ட இடம். தனியார் காணி, காசு கொடுத்தால்தான் உள்ளே. ‘சரியான ஆக்கள், நெரிசல் இல்லை’ என்பதுதான் அந்தக் காலத்தில் அவர்கள் பெருமையாகச் சொன்ன வாசகம். அந்தச் ‘சரியான ஆக்களில்’ நீயும் நானும் இருந்திருக்க மாட்டோம். இன்றைக்குப் பாஸ் அட்டையாவது நிறம் பார்ப்பதில்லை.

இரவுக் காவலுக்கும் இங்கே பழைய கதை உண்டு. தடம் திறந்த அதே மாதம், ஜூன் 28 மாலை, எஸ். எஃப். எட்ஜ் என்பவர் 24 மணித்தியாலம் நிறுத்தாமல் ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினார். தடத்தைக் காட்டுவதற்கு ஓரம் முழுக்க 300க்கும் மேல் சிவப்பு விளக்கு வைத்தார்கள். சராசரி மணிக்கு 65.9 மைல், மொத்தம் 1,581 மைல் ஓடி முடித்தார். அக்கம்பக்கத்து ஆக்களுக்குத் தூக்கம் போனது. முறைப்பாடு, வழக்கு, இரவு ஓட்டத்துக்குத் தடை. அதனால் 1929இல் 24 மணித்தியாலப் பந்தயம் வைக்க விரும்பியவர்கள் அதை இரண்டாக வெட்டினார்கள். பகலில் 12 மணித்தியாலம் ஓட்டம், இரவு கார்களைப் பூட்டி வைத்து, மறுநாள் மிச்சம் 12. ‘டபுள் டுவெல்வ்’ என்று பெயர். பூட்டிய கார்களை ஒருவரும் தொடக் கூடாது, ஒரு திருகாணியைக்கூட. நான் அதை நினைத்துக்கொள்வேன். எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்க, சூடு ஆறும் கார்களுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருப்பான் அல்லவா? பந்தயக்காரர் பெயரெல்லாம் உள்ளே பலகையில் இருக்கிறது. அவன் பெயரை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

பேயைப் பற்றிக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 1913 பெப்ரவரியில் பேர்சி லம்பர்ட் என்பவர் ஒரு மணித்தியாலத்தில் 100 மைலுக்கு மேல் ஓடினார், உலகத்தில் முதல் ஆள். அதே வருடம் அக்டோபரில் இங்கேயே டயர் வெடித்துச் செத்துப் போனார். அவர் இன்னும் தொப்பியும் கண்ணாடியுமாக நடமாடுகிறார் என்று பேச்சு. ஒன்பது வருடத்தில் நான் கண்டது நரி, மான், ஒருமுறை காதலர் இருவர், ஒருமுறை என் சொந்த ஃபிளாஸ்க்.

திரும்பும்போது வேபிரிட்ஜுக்கே நடக்காதீர்கள். தெற்கு வளைவைப் பார்த்து முடித்த கால்களுக்கு பைஃப்ளீட் அண்ட் நியூ ஹோ ஸ்டேஷன் வசதி. நிதானமாக நடந்தால் அரை மணித்தியாலம். அங்கே எல்லா ரயிலும் நிற்காது, அதனால் நேரத்தைப் பார்த்துப் போங்கள். லண்டன் பக்கம் போகும் ரயிலில் ஏறி வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ரயில் கிளம்பியதும் பாதைக்கு ஒட்டினாற்போல நேராக ஒரு நிலத்துண்டு கூடவே வரும். மெம்பர்ஸ் பாங்கிங்கிலிருந்து இறங்கிய கார்கள் முழு வேகத்தில் ஓடிய ரயில்வே ஸ்ட்ரெயிட் அதுதான். நீங்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடினார்கள். சில வினாடிதான் தெரியும். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏறியதுமே தட்டிச் சொல்லிவிடுங்கள்.